மழை நாட்டில் தண்ணீர்ப் பஞ்சம்

மழைக்குக் குறைவில்லாத ஓர் ஊரில் தண்ணீருக்குப் பஞ்சம் வருமா? வானம் பார்த்த பூமியில் பிறந்தவரிடம் இப்படிக் கேட்டால் அவர் நகைப்பார். இராமநாதபுரத்தில் ஓராண்டில் பெய்யும் மழையைப் போல் இரு மடங்குக்கு மேல் சிங்கப்பூரில் பெய்கிறது. சராசரியாக ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்குக் குறையாத மழை. இடியும் மின்னலுமாகக் கொட்டும் மழையில் சாலைகள் ஆறுகளாகும் காட்சி இங்கு புதிதன்று. ஆயினும், இந்நகரின் இரு நூற்றாண்டு வரலாற்றைப் புரட்டுமிடத்து, தண்ணீர்க் கவலை இல்லாத ஒரு தலைமுறையைக் காண்பது அரிது.

இம்முரண்பாட்டின் காரணம் எளிது. மழை வேறு, நீர் வேறு. வானம் தருவது மழை. அதைப் பிடித்து, தேக்கி, காத்து, பங்கிட்டால்தான் அது மனிதனுக்கு நீராகிறது. சிங்கப்பூரில் நீண்ட ஆறு இல்லை. காலாங் ஆறு ஏறக்குறைய 10 கிலோமீட்டர்தான். சிங்கப்பூர் ஆறு அதனினும் குறுகியது. காலையில் பெய்த மழை மாலைக்குள் கடலை அடைந்துவிடும். மழை நாட்டின் தண்ணீர்ப் பஞ்சம் இவ்வாறுதான் பிறக்கிறது.

கிணறும் மாட்டுவண்டியும்

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் நகர மக்கள் குடித்தது கிணற்று நீரும் ஓடை நீருமே. சீனர் நிறைந்த பகுதிக்கு ஆன் சியாங் மலைப் பக்கத்துக் கிணறுகளிலிருந்து மாட்டுவண்டிகளில் தண்ணீர் வந்தது. அப்பகுதிக்கு மலாய் மொழியில் 'கிரேத்தா ஆயர்' என்று பெயர். 'தண்ணீர் வண்டி' என்பது அதன் பொருள். சீனரும் அவ்விடத்தை 'மாட்டுவண்டித் தண்ணீர்' என்றே தம் மொழியில் வழங்கினர். வண்டிகள் மறைந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. பெயர் மட்டும் இன்றும் நிற்கிறது.

இந்தியர் வாழ்ந்த இடங்களும் தண்ணீரை ஒட்டியே அமைந்தன. பிராஸ் பாசா ஓடையின் கரையில் இந்தியச் சலவைத் தொழிலாளர்கள் துணி வெளுத்தனர். அதனால் அவ்விடம் 'தோபி காட்' ஆயிற்று. சிராங்கூன் சாலைப் பகுதி வளர்ந்த கதையும் இத்தகையதே. ரோச்சோர் ஆற்றின் அருகே புல்லும் சேறும் நீரும் மிகுந்திருந்தமையால் மாடு வளர்ப்போரும் மாட்டு வியாபாரிகளும் அங்கே குடியேறினர். 'காண்டாங் கெர்பாவ்' என்றால் எருமைத் தொழுவம். எருமைத் தெரு என்னும் பெயரும் அதற்குச் சான்று. மாடுகளைத் தொடர்ந்து கோதுமை அரைக்கும் கொட்டகைகளும், எண்ணெய்ச் செக்குகளும், பிரம்பு வேலைக் கூடங்களும் எழுந்தன. 'கம்போங் கப்பூர்' எனும் சுண்ணாம்புக் கம்பமும் அருகிலேயே இருந்தது.

தண்ணீர் தொழிலை அழைத்தது. தொழிலோ தண்ணீரைக் கெடுத்தது. தொழுவத்துச் சாணமும் பட்டறைக் கழிவும் ஆற்றிலே கலந்தன. மக்கள் பெருகப் பெருகக் கிணற்று நீரும் மாசடைந்தது. 1860-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போதே தீவில் 80,000 பேருக்கு மேல் வாழ்ந்தனர். ஒரு கிணற்றின் அருகே எத்தனை கழிவுக் குழிகள் இருந்தனவோ, அத்தனை வழிகளில் நோய் வீட்டுக்குள் வந்தது. ஆற்றையும் கிணற்றையும் நம்பி இனி ஒரு துறைமுக நகரம் வாழ இயலாது என்பது எல்லோருக்கும் விளங்கிற்று. அதற்கான செலவை யார் ஏற்பது என்பதே கேள்வியாக நின்றது.

பத்தாண்டு காத்திருந்த நீர்

1857-இல் டான் கிம் செங் என்னும் சீன வணிகர் நகருக்கு நல்ல தண்ணீர் கொண்டுவருவதற்கென 13,000 டாலர் நன்கொடை அளித்தார். அக்காலத்தில் அது பெருந்தொகை. தாம்சன் என்னும் அரசாங்க நில அளவையாளர் நீர்த்தேக்கத் திட்டம் ஒன்றை முன்னரே வரைந்திருந்தார். பணமும் இருந்தது, திட்டமும் இருந்தது. காரியம் மட்டும் நத்தை போல் நகர்ந்தது. 1864-இல் நன்கொடையாளர் காலமானார். தீவின் நடுக்காட்டில் நீர்த்தேக்கம் கட்டி முடிந்தது 1867-68-ஆம் ஆண்டளவில். அதன் பின்னும் நகருக்கு நீர் வரவில்லை. நீரை இறைக்கும் பொறிகளும் பகிர்மானக் குழாய்களும் முற்றுப்பெற மேலும் பத்தாண்டுகள் ஆயின. 1870-களின் இறுதியில்தான் குழாய்களில் நீர் ஓடிற்று. 1882-இல் நகரசபை அவ்வள்ளலின் நினைவாக ஒரு நீரூற்றை நிறுவியது. அது இன்று எஸ்பிளனேடு பூங்காவில் இருக்கிறது.

அணை கட்டினால் மட்டும் நீர் வந்துவிடாது. அணைக்கும் வாய்க்கும் இடையே குழாய் வேண்டும், பொறி வேண்டும், அவற்றைக் காக்கும் ஆள் வேண்டும். தமிழ்நாட்டில் கண்மாய் நிறைந்திருந்தும் மடையும் வாய்க்காலும் தூர்ந்து பயிர் காய்ந்த ஊர்கள் பல. சிங்கப்பூரின் முதல் நீர்த்தேக்கம் அதே பாடத்தைப் பத்தாண்டு காலம் கற்பித்தது.

பின்னர் வேலை விரைந்தது. மெக்ரிட்சி என்னும் நகரசபைப் பொறியாளர் காலத்தில், 1891 முதல் 1894 வரை, அந்நீர்த்தேக்கம் விரிவாக்கப்பட்டது. 1922-இல் அதற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. காலாங் ஆற்றின் மேற்பகுதியைத் தடுத்து இரண்டாவது நீர்த்தேக்கம் 1910-இல் எழுந்தது. அது பியர்ஸ் என்னும் பொறியாளர் பெயரைத் தாங்குகிறது. 1920-இல் சிலேத்தாரில் மூன்றாவது அமைந்தது. மூன்றும் தீவின் நடுவே காட்டைக் காவலாகக் கொண்டவை. காட்டை அழித்தால் நீரும் அழியும் என்பதை உணர்ந்து, அந்நிலப்பரப்பில் மக்கள் குடியேறாதவாறு காத்தனர். இன்றும் அக்காடு அங்கே நிற்பதற்கு முதற்காரணம் தண்ணீர்தான்.

கடலுக்கு அப்பால்

மூன்று நீர்த்தேக்கங்களும் போதவில்லை. தீவுக்குள் இனி இடமில்லை என்ற நிலையில் நகரசபையின் பார்வை ஜோகூர் மலைகளின் மீது விழுந்தது. 1924-இல் ஜோகூர்க் கடற்பாலம் திறக்கப்பட்டிருந்தது. குழாய் கொண்டுவர வழி கிடைத்தது. 1927 டிசம்பரில் சிங்கப்பூர் முனிசிபல் கமிஷனர்களும் ஜோகூர் சுல்தான் இப்ராகிமும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். குனோங் பூலாயில் 2,100 ஏக்கர் நிலம் நீர்ப்பிடிப்புக்காகக் கிடைத்தது. சிங்கப்பூர் சுத்திகரித்த நீரில் நாள்தோறும் 8 லட்சம் காலன் வரை ஜோகூர் பெறலாம் என்பதும் உடன்பாடு. கொடுத்த நீரிலேயே ஒரு பங்கைத் தூய்மையாக்கித் திரும்ப வாங்கும் இம்முறை பின்வந்த ஒப்பந்தங்களிலும் தொடர்ந்தது.

பிறர் நிலத்து நீரைக் குத்தகையாகப் பெறுவது தமிழர்களுக்குப் புதிய செய்தி அன்று. வைகை வறண்ட ஆறு. வருசநாட்டு மலையில் பிறந்து மதுரை வழியாக இராமநாதபுரத்தை நோக்கிச் செல்லும் அவ்வாறு, ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். மலைக்கு மேற்கேயோ பெரியாறு பெருகியோடி அரபிக்கடலில் கலந்தது. அந்நீரைக் கிழக்கே திருப்ப முடியாதா என்று சேதுபதி சீமையில் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே எண்ணினர். 1876-78-ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சம் அவ்வெண்ணத்தை அவசரத் தேவையாக்கியது. 1886 அக்டோபரில் திருவிதாங்கூர் மகாராஜாவும் ஆங்கில அரசும் குத்தகைப் பத்திரம் எழுதிக்கொண்டனர். 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு 5 ரூபாய் வாடகை, 999 ஆண்டுக் காலம். பென்னிகுயிக் என்னும் பொறியாளர் கட்டிய அணை 1895-இல் திறக்கப்பட்டது. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே மேற்குநோக்கி ஓடிய நீர் கிழக்கே திரும்பி வைகைக்கு வந்தது.

வைகைப் படுகைக்கும் சிங்கப்பூருக்கும் நிலமும் வானமும் வேறு. ஒன்று மழை குறைந்த பெருநிலம், மற்றொன்று மழை மிகுந்த சிறுநிலம். ஆனால் இரண்டும் ஒரே தீர்வை நாடின. தன் படுகையில் இல்லாத நீரை எல்லைக்கு அப்பாலிருந்து ஒரு தாளின் பலத்தால் கொண்டுவந்தன. அத்தாளோடு வரும் தொல்லையும் இரண்டுக்கும் பொதுவானது. காலம் மாறும், நாணயத்தின் மதிப்பு மாறும், ஆட்சி மாறும். எழுத்து மட்டும் மாறாதிருக்கும். பெரியாற்று வாடகை 1970-இல் ஏக்கருக்கு 30 ரூபாயாகத் திருத்தப்பட்டது. அணையின் நீர்மட்டம் பற்றிய வழக்கு 2014-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை சென்றது. ஜோகூர் நீரின் விலையும் இரண்டு அரசுகளுக்கிடையே நெடுங்காலப் பேச்சாக இருந்து வருகிறது.

குழாய் அறுந்த நாள்

பிறரிடமிருந்து வரும் நீர் எத்தகைய ஆபத்தைத் தாங்கியிருக்கிறது என்பதை 1942 காட்டியது. ஜனவரி 31-ஆம் நாள், ஜோகூரிலிருந்து பின்வாங்கிய பிரிட்டிஷ் படையினர் கடற்பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தனர். பாலத்தோடு குழாயும் அறுந்தது. தீவின் நீர்த்தேக்கங்கள் எஞ்சியிருந்தன. அவையும் சில நாட்களில் ஜப்பானியர் முன்னேறிய பாதையில் அகப்பட்டன. குண்டு வீச்சில் நகரின் குழாய்கள் எங்கணும் உடைந்து, வீட்டை அடைய வேண்டிய நீர் தெருவில் ஓடியது. போருக்கு அஞ்சி வந்து குவிந்த மக்களால் நகரம் பிதுங்கியது. பிப்ரவரி 15-ஆம் நாள் பிரிட்டிஷ் தளபதி சரணடைந்தபோது, தண்ணீர் தீர்ந்துவிடும் என்ற அச்சமும் அம்முடிவுக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்றாக இருந்தது. பெரும் பீரங்கிகளைக் கொண்ட கோட்டைக்குத் தண்ணீர்க் குழாய் எவ்வளவு இன்றியமையாதது என்பது அன்று விளங்கிற்று.

முறை வைத்த பத்து மாதம்

போருக்குப் பின் மக்கள்தொகை வெள்ளம் போல் உயர்ந்தது. 1947-இல் 9 லட்சத்து 38 ஆயிரமாக இருந்தது 1957-இல் 14 லட்சத்து 45 ஆயிரத்தைத் தாண்டியது. 1961 செப்டம்பரிலும் 1962 செப்டம்பரிலும் ஜோகூருடன் மேலும் இரு ஒப்பந்தங்கள் ஏற்பட்டன. முதலாவது 50 ஆண்டுக்கு, இரண்டாவது 99 ஆண்டுக்கு. இரண்டாவதன்படி ஜோகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 250 மில்லியன் காலன் வரை எடுக்கலாம். 1,000 காலனுக்கு விலை 3 காசு.

ஆயினும் ஒப்பந்தம் எழுதிய மையில் நீர் ஊறுவதில்லை. அணையும் நிலையமும் எழுவதற்குமுன் வறட்சி வந்துவிட்டது. 1963-இல் மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றின. ஜோகூரிலும் அதே நிலைதான். ஏப்ரல் மாத இறுதியில் தண்ணீர்ப் பங்கீடு தொடங்கியது. தீவைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறை வைத்து, மணிக்கணக்கில் குழாய்களை அடைத்தார்கள். நகரசபையிடமிருந்து தண்ணீர், மின்சாரம், எரிவாயு ஆகிய பணிகளை ஏற்கப் பொதுப் பயனீட்டுக் கழகம் பிறந்தது அவ்வாண்டு மே முதல் நாள். பிறந்த குழந்தையின் கையில் வெறுங்குடத்தைக் கொடுத்தது போலாயிற்று. பங்கீடு 1964 பிப்ரவரி இறுதி வரை, பத்து மாதம் நீடித்தது.

முறை வைத்து நீர் பாய்ச்சுவது கண்மாய்ப் பாசன ஊர்களில் தொன்றுதொட்டு வந்த வழக்கம். கண்மாயில் நீர் குறைந்ததும் இன்ன மடைக்கு இன்ன பொழுது என்று ஊரார் கூடி முடிவு செய்வர். அம்முறையை நடத்த நீர்ப்பாய்ச்சி என்று ஓர் ஆள் இருப்பார். எந்த வயலுக்கு எவ்வளவு சென்றது என்பதை அவர் அறிவார், ஊரும் அறியும். தலைமடைக்காரன் கூடுதலாக எடுத்தால் கடைமடைக்காரன் வந்து கேட்பான்.

நகரத்துக் குழாயில் அந்தத் தலைமடையும் கடைமடையும் கண்ணுக்குத் தெரிவதில்லை. திருகினால் வருகிறது, அவ்வளவுதான். எங்கிருந்து வருகிறது, யாருக்குக் குறைகிறது என்பதை நினைக்க வேண்டிய தேவை அங்கு இல்லை. 1963-இன் பங்கீடு அந்த மறைவை நீக்கியது. குழாய் வறண்ட மணிகளில்தான், தன் வீட்டுக் குழாயும் பக்கத்துப் பேட்டைக் குழாயும் ஒரே கண்மாயின் இரு மடைகள் என்பது நகரத்தானுக்கு விளங்கியது. முறைக்கு அடங்குவது ஒருவகைக் குடியறிவு. அந்த அறிவைச் சிங்கப்பூர் அன்று வாளியும் பீப்பாயுமாகப் பயின்றது.

1965 ஆகஸ்டில் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தது. பிரிவினை உடன்படிக்கையிலேயே 1961, 1962-ஆம் ஆண்டுத் தண்ணீர் ஒப்பந்தங்களுக்கு உறுதி அளிக்கப்பட்டது. அவ்வுடன்படிக்கை ஐக்கிய நாட்டுச் சங்கத்திலும் பதிவாயிற்று. ஒரு நாடு பிறந்த சாசனத்திலேயே தண்ணீரும் இடம் பெற்றிருப்பது எண்ணத்தக்கது.

ஆறு மீண்ட கதை

தனி நாடான பின் வேலை இரு வழியில் நடந்தது. ஒன்று தேக்குவது, மற்றொன்று சிக்கனம். சிலேத்தார் நீர்த்தேக்கம் 1969-இல் பன்மடங்கு பெரிதாக்கப்பட்டது. தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் முதல் இயக்கம் 1971-இல் தொடங்கியது. 1975-இல் கிராஞ்சி, பாண்டான் ஆறுகளின் கடல்வாயை அடைத்து நன்னீர்த் தேக்கங்களாக்கினர்.

ஆனால் நகரின் நடுவே ஓடும் ஆறுகள் சாக்கடையாகவே கிடந்தன. 1977 பிப்ரவரியில் மேல் பியர்ஸ் நீர்த்தேக்கத் திறப்பு விழாவில் பிரதமர் லீ குவான் இயூ, பத்து ஆண்டுகளுக்குள் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்கும் நிலை வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ஆற்றைக் கழுவினால் மட்டும் அது தூய்மையாகாது. அதில் அழுக்கு சேரும் இடங்களையெல்லாம் மாற்றியமைக்க வேண்டியிருந்தது. பன்றிப் பண்ணைகளும் வாத்துப் பண்ணைகளும் அகன்றன. தெருவோர அங்காடிக்காரர்கள் கூரையுள்ள கடைகளுக்குச் சென்றனர். ஆற்றோரக் குடிசைகளிலிருந்து பல்லாயிரம் குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தன. பழகிய இடத்தையும் பரம்பரைத் தொழிலையும் விட்டுச் சென்றவர்களுக்கு அது எளிதான மாற்றமன்று. 1987-இல் பணி நிறைவெய்தியபோது ஆறு தெளிந்தது. தெளிந்த நீரில் அவர்கள் கொடுத்த விலையும் கலந்திருக்கிறது.

அதன் பயன் அடுத்த தலைமுறைக்குக் கிடைத்தது. 2008-இல் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்டது. சிங்கப்பூர் ஆறும், காலாங், ரோச்சோர், வாம்போ, கேலாங் ஆகிய ஆறுகளும் வந்து சேரும் கடல்வாயை அது அடைத்தது. 10,000 ஹெக்டர் நிலத்தின் மழை, அதாவது தீவின் ஆறில் ஒரு பங்கு மழை, அங்கே தேங்குகிறது. எருமைகள் புரண்ட ரோச்சோர் ஆறும் இன்று குடிநீருக்கான ஆறு. தேக்காவின் கூரைகளிலும் சிராங்கூன் சாலை வடிகால்களிலும் விழும் மழைத்துளி அத்தேக்கத்தை நோக்கியே ஓடுகிறது.

2061-ஐ நோக்கி

1961-ஆம் ஆண்டு ஒப்பந்தம் 2011 ஆகஸ்டில் முடிந்தது. குனோங் பூலாய் முதலிய நிலையங்கள் ஜோகூரிடம் ஒப்படைக்கப்பட்டன. 1962-ஆம் ஆண்டு ஒப்பந்தம் 2061-இல் முடியும். அந்நாளுக்குள் தன் காலில் நிற்க வேண்டும் என்பதே சிங்கப்பூரின் நோக்கம். பயன்படுத்திய நீரைச் சல்லடையிலும் நுண்ணிய சவ்வுகளிலும் வடித்து மீண்டும் தூய்மையாக்கும் 'நியூவாட்டர்' 2003-இல் வந்தது. கடல்நீரை நன்னீராக்கும் முதல் நிலையம் 2005-இல் துவாசில் தொடங்கியது. 2022-க்குள் அத்தகைய நிலையங்கள் ஐந்தாயின.

இம்முயற்சியின் பயனை 2014 சோதித்துப் பார்த்தது. ஜனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை 27 நாட்கள் தொடர்ந்து மழையில்லை. 1869-இலிருந்து அத்தனை வறண்ட பிப்ரவரி பதிவானதில்லை. ஆயினும் 1963 போலக் குழாய்களை அடைக்க நேரவில்லை. வானம் தராததைக் கடலும் கழிவுநீரும் ஈடு செய்தன. அதேசமயம் 2016 அக்டோபரில் ஜோகூரின் லிங்கியூ நீர்த்தேக்கம் ஐந்தில் ஒரு பங்காக வற்றியது. ஜோகூர் ஆற்றில் உப்புநீர் ஏறாமல் காப்பது அத்தேக்கத்து நீர்தான். ஒப்பந்தம் இருந்தாலும் ஆற்றில் நீர் இருந்தால்தானே எடுக்க முடியும்?

கடல்நீரையும் கழிவுநீரையும் நன்னீராக்குவது அறிவியலின் அருஞ்செயல்தான். எனினும் அதற்கு மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்கு எரிவாயு வேண்டும். அவ்வெரிவாயு பெரும்பாலும் வெளிநாடுகளிலிருந்தே வருகிறது. ஆதலின் பிறரை நம்பியிருக்கும் நிலை முற்றிலும் நீங்கிவிடவில்லை. அது ஒரு குழாயிலிருந்து மற்றொரு குழாய்க்கு மாறியிருக்கிறது. இன்று நாளொன்றுக்கு ஏறக்குறைய 440 மில்லியன் காலன் நீர் செலவாகிறது. அதில் பாதிக்கு மேல் தொழிற்சாலைகளும் வணிக நிலையங்களும் பயன்படுத்துகின்றன. 2065-ஆம் ஆண்டளவில் தேவை ஏறத்தாழ இரு மடங்காகும் என்று கணக்கிட்டிருக்கின்றனர். சிக்கனம் வீட்டுக் குளியலறையில் தொடங்கலாம். அங்கேயே அது நின்றுவிடலாகாது.

வைகைக் கரையார் கற்றதும் சிங்கப்பூர் கற்றதும் ஒன்றே. தேக்கம் வேண்டும், முறை வேண்டும், அண்டையாரோடு நேர்மையான உடன்பாடு வேண்டும். இம்மூன்றில் எது தளர்ந்தாலும் எவ்வளவு மழை பெய்தும் பயனில்லை. நீர்ப்பாய்ச்சி ஒருவர் காத்த முறையை இன்று ஒரு கழகம் காக்கிறது. ஆனால் கண்மாயில் குப்பை போடாதே என்று ஊரார் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட கட்டுப்பாட்டை எந்தக் கழகமும் தனியே காக்க இயலாது. சிராங்கூன் சாலை வடிகாலில் இன்று எறியப்படும் குப்பை நாளை மரினாத் தேக்கத்தின் வாயிலில் நிற்கும். அத்தேக்கத்து நீர் மறுநாள் அதே சாலையின் குழாய்களுக்குத் திரும்பி வரும்.